காணாமல் போன நூறு போத்தல்

புனிதம் அக்கா பாம்புக்கடி மருந்து நூறு போத்தலை, மாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வியாபாரி ஒருவனுக்கு விற்று, அந்தக் காசில் மகள் கலிஸ்ராவுக்குச் சங்கிலி வாங்கிப் போட்டார். தொண்ணூற்றெட்டு மாசியில் எங்கள் பக்கம் ஓடிய கதை இதுதான். விசுவமடுச் சந்தியில் அது வெறும் நூறு போத்தலாகத்தான் புறப்பட்டது. கண்டாவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது வியாபாரிக்கு ஒரு லொறி கிடைத்திருந்தது. திரும்பி வந்தபோது அந்த லொறியின் முன்சீற்றில் புனிதம் அக்காவே ஏறி இருந்தார். மருந்தை மீன்பெட்டிக்குள் ஐஸ் போட்டு மறைத்துக் கொண்டுபோனார் என்ற விபரம் எப்படிச் சேர்ந்தது என்று மட்டும் எனக்குத் திட்டமாகத் தெரியும். அதைச் சேர்த்தது நான். அப்போது வன்னியில் ஒருவரும் ஐஸ் கட்டியைக் கண்டு எத்தனையோ வருசம். அதை ஒருவரும் கேட்கவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. அதில் சங்கிலி வரும், போத்தலும் வரும். வியாபாரி மட்டும் வரமாட்டான், ஏனென்றால் அப்படி ஒருவன் இருக்கவே இல்லை.

புனிதம் அக்காவுக்கு முல்லைத்தீவுக் கரை. தொண்ணூறில் கரையை விட்டு எழும்பிய சனத்தோடு புருசன் அருளப்பு அண்ணையும் அவரும் மகளுமாக உள்ளுக்கு வந்து சேர்ந்தார்கள். அருளப்பு அண்ணை களப்பிலும் கடலிலும் வலை போட்ட ஆள். இங்கே குளத்தில் மீன் பிடித்து, பிடித்த மீனை நாள்தோறும் பழித்துக்கொண்டே சாப்பிட்டார். அக்கா கரையில் இருந்த காலத்தில் பதினொரு வருசம் கோயிலின் மரணப் புத்தகத்தை எழுதியவர். முத்து முத்தான எழுத்து. பெயர், வயது, அடக்கம் செய்த நாள், பிறகு எதனால் செத்தார் என்று ஒரு வரி. சாமியார் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றுதான்: கடைசி மூச்சை எது எடுத்ததோ அதை எழுது. கடலில் போனவனுக்கு, தண்ணீரில் மூச்சடைத்து. வள்ளம் ஏன் கவிழ்ந்தது என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

இதை நினைவில் வைத்திருங்கள். எல்லாப் பிழையும் இதில்தான் தொடங்கியது.

எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரி என்று சொன்னாலும், அது நெல்லு வாங்கும் சங்கத்தின் பழைய களஞ்சியமும் கிடுகுக் கொட்டில் இரண்டும்தான். நான் அங்கே அற்றன்டன். நோயாளியைத் தூக்குவது, வாளி கழுவுவது, செத்தவரை வெளியே எடுப்பது, வாட்டில் முடிந்த ரிக்கற்றுகளைக் கட்டி றெக்கோட் அறைக்குக் கொண்டுபோவது, எல்லாம் என் வேலை. ரிக்கற் போகும் வழியில் ஊர்க்கதையும் கூடவே போகும். அதற்குச் சம்பளம் இல்லை.

ரிக்கற் என்றால் கட்டிலோடு சேர்ந்த தாள். ஒரு ஆள் படுத்தால் அவர் பெயரில் ஒன்று திறப்பார்கள். வந்த நேரம், கொடுத்த மருந்து, டொக்டர் கண்டுபிடித்த வருத்தம் எல்லாம் அதில் ஏறும். ஆள் வீட்டுக்குப் போனாலும் சுடலைக்குப் போனாலும் ரிக்கற் றெக்கோட் அறைக்கு வரும். அங்கே ஒருவர் இருந்து ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு எழுத்தும் நம்பரும் போட வேண்டும். உலகம் முழுக்க ஒரே நம்பராம். அந்த நம்பர்ப் புத்தகம் தலகாணி அளவு தடிப்பு. மலேரியாவுக்கு ஒரு நம்பர், செல் குண்டுக் காயத்துக்கு ஒரு நம்பர், மாடு முட்டினால் ஒரு நம்பர், மரத்தால் விழுந்தால் வேறொன்று. முந்தி இருந்த கிளாக்கர் லீவில் வவுனியாவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. புத்தகமும் கதிரையும் சும்மா கிடந்தன. டொக்டர் ஐயா புனிதம் அக்காவின் எழுத்தைப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றேழு தையில் அவரை அதில் இருத்தினார்.

வேலையை அக்கா சும்மா செய்யவில்லை. காய்ச்சல் என்று மட்டும் எழுதிய ரிக்கற்றை என்னிடமே திருப்பித் தருவார். என்ன காய்ச்சல் என்று டொக்டரிடம் கேட்டு வரட்டாம், சும்மா காய்ச்சலுக்கு நம்பர் போட்டால் அது ஒருவருக்கும் உதவாதாம். ஒரு நாளைக்கு நாலு தரம் நடந்தேன். ஊர்க்கதை கதைக்கிற வருத்தத்துக்கு என்ன நம்பர் என்று ஒருநாள் கேட்டேன். அக்கா நிமிரவே இல்லை.

“அதுக்கு நம்பரும் இல்லை, மருந்தும் இல்லை. அந்தக் கட்டை இஞ்சாலை வையுங்கோ.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நம்பர்களை எல்லாம் கூட்டி ஒரு பெரிய தாளில் இறக்கி மேலே அனுப்ப வேண்டும். அந்தத் தாளில் ஒரு ஆளுக்கு ஒரு இடம்தான். ஒருவருக்கு நாலு வருத்தம் இருந்தாலும் முதலாவதாகப் போட்ட நம்பர்தான் தாளில் ஏறும். மற்ற மூன்றும் ரிக்கற்றோடு சாக்குக்குள் போய்விடும். மேலே இருப்பவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மருந்து எவ்வளவு என்று பிரிப்பார்கள். எங்களுக்கு வருவதே குறைவு. அந்தக் குறைவையும் அந்தத் தாள்தான் பிரித்தது.

எங்கள் பக்கம் நெல்லு அரிவு வெட்டு என்றால் புடையன் பாம்பும் கூடவே வரும். நெற்கதிரை அள்ளும் கைக்குள் அகப்படும். புடையன் கடித்தால் இரத்தம் உறையாது. பல் முரசால் வடியும், பிறகு சலம் போகாமல் நிற்கும், பிறகு முகம் வீங்கும். நேரத்துக்கு ஊசி ஏற்றினால் ஆள் தப்பும். தொண்ணூற்றேழில் நூற்றிருபது போத்தல் வந்தது. ஒருவருக்குக் குறைந்தது பத்து வேண்டும். டொக்டர் ஐயா ஆளுக்கு நாலு, ஐந்து என்று கிள்ளிக் கிள்ளிப் போட்டார். இருபத்தாறு பேர் வந்தார்கள். ஏழு பேர் செத்தார்கள். ஏழு பேரையும் நான்தான் தூக்கினேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பிறந்தபோது மருந்துப் பெட்டி வந்தது. பாம்புக்கடி மருந்து இருபது போத்தல். அதோடு ஒரு பெரிய தாள் கட்டு. பிரித்துப் பார்த்தால் சிறுநீரக வருத்தக்காரர் உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும் என்று படம் போட்ட சுவரொட்டிகள். ஒரு கடிதமும் இருந்தது. உங்கள் பகுதியில் சிறுநீரகம் பழுதாவோர் தொகை கூடியிருக்கிறது, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் சிரித்தோம். சுவரொட்டி நல்ல தடித்த தாள். வாட்டு யன்னலில் சாரல் அடிக்காமல் ஒட்டினோம். போத்தல் குறைந்ததையும் சுவரொட்டி வந்ததையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. யன்னலுக்குப் பசை தடவித் தந்தது புனிதம் அக்கா.

இருபது போத்தலும் பொங்கலுக்கு முதலே முடிந்தன. கண்டாவளையில் ஒருவர், விசுவமடுவில் ஒருவர். ஆளுக்குப் பத்து. இரண்டு பேரும் தப்பினார்கள்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். உழவு இயந்திரப் பெட்டியில் ராக்காயியைக் கொண்டு வந்தார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம். அவளும் புருசன் சுடலைமுத்துவும் கூலிக்கு அரிவு வெட்டப் போனவர்கள். கடித்த புடையனையும் அடித்து உரப்பைக்குள் போட்டுக் கொண்டு வந்திருந்தான் சுடலைமுத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊசி இருக்கும் என்று வயல்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ராக்காயி தன் காலாலேயே நடந்து வந்து கட்டிலில் இருந்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் நிற்கிறது. நடந்து வந்தாள்.

நேர்ஸ் கமலாசனி மிஸி வெறும் பெட்டியைத் திறந்து ஒரு தரம் பார்த்தார். இல்லை என்று தெரிந்தும் திறந்தார். டொக்டர் ஐயா சேலைன் ஏற்றினார், வேறு ஆஸ்பத்திரி இரண்டுக்கு ஆள் விட்டார். அங்கேயும் இல்லை. முதல் நாள் முரசால் வடிந்தது. மூன்றாம் நாள் சலம் நின்றது. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் அவளைத் தூக்கினேன். சுடலைமுத்து வெளியே வேப்பமரத்தடியில் இருந்தான். செத்த பாம்பு இருந்த உரப்பையை ஐந்து நாளும் வைத்திருந்தான், டொக்டர் கேட்பார் என்று.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஊர்தான் கேட்டது. போன வருசம் நூற்றிருபது, இந்த வருசம் இருபது, மிச்சம் நூறு எங்கே. கணக்கு நேராகத்தான் இருந்தது. மருந்து வைக்கும் மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டி றெக்கோட் அறைக்குள் நின்றது, ஏனென்றால் பூட்டுள்ள கதவு அந்த ஒரு கதவுதான். அந்தப் பூட்டின் திறப்பு புனிதம் அக்காவின் இடுப்பில். அந்த மாதத்தில்தான் கலிஸ்ராவின் கழுத்தில் அந்தோனியார் படம் தொங்கும் சங்கிலி ஒன்று புதிதாக மினுங்கியது. அது கோயில் பெருநாளில் வாங்கின பித்தளை. பித்தளை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விசுவமடுத் தேத்தண்ணிக் கடையில் நான் சொன்னேன், நூறு போத்தலும் ஒரு கழுத்தில்தான் தொங்குது என்று. கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு உற்சாகம் வந்து மீன்பெட்டியையும் ஐஸையும் சேர்த்தேன்.

ஒரு கிழமையில் சுற்றி வந்து அக்காவின் காதுக்கே போய்விட்டது. கலிஸ்ரா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டாள். அருளப்பு அண்ணை குளத்தில் பிடித்த மீனை விற்கப் போனால், அண்ணை உங்களுக்கு என்ன இனி இந்த மீன் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அக்கா அழவில்லை. சண்டைக்கும் போகவில்லை. தன்னிடம் ரிக்கற் இருக்கிறது என்றார். போன வருசம் எந்தப் போத்தல் எந்த ஆளுக்கு ஏறியது என்று ஒவ்வொரு ரிக்கற்றிலும் எழுதியிருக்கும். எல்லாவற்றையும் எடுத்து ஒரு தாளில் இறக்கி, நூற்றிருபதும் ஊருக்குள்தான் போனது, இந்த வருசம் வந்ததே இருபது என்று வாட்டு வாசலில் ஒட்டப் போகிறாராம். என்னை நெல்லுச் சாக்குகளை அவிழ்க்கச் சொன்னார். சந்தோசமாக அவிழ்த்தேன். நான் சொன்ன கதை பொய்யாகிவிட்டால் எனக்கும் ஆறுதல்தானே.

இரண்டு நாளில் இருபத்தாறு பேரும் அகப்பட்டார்கள். போத்தல் கணக்குச் சரியாக நூற்றிருபது. அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் கண்டேன். எல்லாம் பொருந்துகிறது என்று காட்ட, மேலே அனுப்பிய தாள்களின் கொப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டு கூட்டினார். பிறகு ரிக்கற் கட்டை எடுத்தார். பிறகு திரும்பவும் தாளை.

மத்தியானச் சோற்றுக்கு அவர் எழும்பவில்லை என்று பார்க்கப் போனேன். நிலத்தில் ரிக்கற்றுகளுக்கு நடுவில் கால் நீட்டி இருந்தார். என்ன அக்கா என்று கேட்டேன்.

“அண்ணை, போன வருசம் எங்களிட்டைப் பாம்பு கடிச்சு எத்தினை பேர் வந்தவை?”

“இருபத்தாறு. நீங்கள்தானே எண்ணினனியள்.”

“மேலை போன தாளிலை அஞ்சு.”

எனக்கு விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆளுக்கு விளங்குகிற மாதிரி அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். டொக்டர் ஐயா ரிக்கற்றின் முகப்பில் வருத்தத்தை எழுதும்போது, புதிதாகக் கண்டதை மேலே எழுதுவார். பாம்புக்கடி என்பது வந்த அன்றைக்கு எழுதினது, அடியில் கிடக்கும். சலம் நின்றது, இரத்தம் வடிந்தது, மூச்சு அடைத்தது எல்லாம் அதற்கு மேலே மேலே ஏறியிருக்கும். அக்கா மேலே இருந்ததற்கே முதல் நம்பரைப் போட்டுக்கொண்டு வந்தார். கோயில் புத்தகம் எழுதின கை அது. கடைசி மூச்சை எது எடுத்ததோ அதுதான் அந்தக் கைக்கு முதல். பன்னிரண்டு பேர் சிறுநீரகமாகப் போனார்கள். ஆறு பேர் இரத்தப்போக்கு. மூன்று பேர் மூச்சு. ஒரு கோளாறும் வராமல் சுகமாக வீட்டுக்குப் போன ஐந்து பேர் மட்டும்தான் பாம்புக்கடியாகத் தாளில் ஏறினார்கள்.

ஐந்து பேருக்கு நாலு நாலு போத்தல். இருபது. மிச்சம் யன்னலில் ஒட்டிக் கிடந்தது.

அக்கா தலகாணிப் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். அந்தப் பக்கம் ஒரு வருசமாக அவர் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. நம்பர் தேடுகிற அவசரத்தில் முன்னுரையை ஆர் வாசிக்கிறது. அதில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். எது எல்லாவற்றையும் தொடக்கி வைத்ததோ, அதற்கு முதல் நம்பர். அதனால் பிறகு வந்ததெல்லாம் பின்னால்.

“வள்ளம் ஏன் கவிண்டது எண்டதைத்தான் கேட்டிருக்கினம். நான் தண்ணி குடிச்சுச் செத்தான் எண்டு எழுதி அனுப்பியிருக்கிறன்” என்றார்.

நான் அக்காவுக்கு ஒரு வழி சொன்னேன். போத்தல் கணக்குச் சரி, அதை மட்டும் வாசலில் ஒட்டுங்கள், மற்றதை மூடிச் சாக்கில் போடுங்கள், தெரிந்த ஆட்கள் இரண்டு பேர், ஒருவர் நீங்கள், மற்றவர் நான், நான் வாய் திறக்கமாட்டேன் என்றேன். என் வாயைப் பற்றி அக்காவுக்கு என்ன நம்பிக்கை இருந்ததோ தெரியாது, ஒன்றையும் அவர் சாக்கில் போடவில்லை. போத்தல் கணக்கையும் அவர் ஒட்டவில்லை. அதை ஒட்டினால் ஊர் அதோடு நிற்கும், ஏன் இருபது வந்தது என்று பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள், தான் தப்பிவிடுவேன் என்றார். தப்புவது நல்லதுதானே என்று நான் நினைத்தேன்.

அந்த வருசத்து மருந்தின் இரண்டாம் பங்கு சித்திரையில் வரும். அதை மாசி முடிவில் பிரிப்பார்கள். அதற்கு முதல் திருத்தின தாள் போய்ச் சேராவிட்டால் அடுத்த பங்கும் சுவரொட்டியாகத்தான் வரும். மருந்து லொறி வவுனியாவுக்குப் புறப்படப் பன்னிரண்டு நாள் இருந்தது. பாம்புக்கடி மட்டும் போதும் என்று டொக்டர் ஐயா சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. பாம்பில் பிழை விட்ட கை மற்றதிலும் விட்டிருக்கும் என்று, வருசம் முழுவதுமான இரண்டாயிரத்து முந்நூறு ரிக்கற்றையும் திரும்பப் பிரித்தார். விட்டுத்தான் இருந்தது. மலேரியாவில் வந்து இரத்தம் குறைந்து செத்த குழந்தைகள் எல்லாம் இரத்தக்குறைவாகப் போயிருந்தார்கள். நான் சாக்கு அவிழ்த்தேன், கட்டினேன், அவிழ்த்தேன். காலை ஏழு மணிக்கு வந்து, வெளிச்சம் போகும்வரை இருப்பார். எதை மாற்றினாலும் பழைய நம்பரை அழிக்காமல் கோடு மட்டும் கீறி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார்.

ஐப்பசிக் கட்டு ஒன்றின் உட்பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. ஒரு ரிக்கற்றில் பெயரும் ஏறின போத்தல் கணக்கும் மிஞ்சியிருந்தன, மற்றதெல்லாம் மண். அந்த ஆள் விசுவமடுப் பக்கத்தில் வடிவம்மா என்பவரின் புருசன். அக்கா சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் போனேன். வடிவம்மா படலையைத் திறக்கவில்லை.

“இஞ்சை ஒருத்தரும் இப்ப கடிபட்டுக் கிடக்கேல்லை. வேறை வீட்டிலை போய் விலை கேளுங்கோ.”

அக்கா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கடித்தது நாகமா புடையனா, கடித்து எத்தனையாம் நாள் அவருக்குச் சலம் நின்றது என்று கேட்டார். கேட்ட குரலில் ஒரு மாற்றமும் இல்லை, றெக்கோட் அறையில் என்னிடம் கட்டு எங்கே என்று கேட்கிற அதே குரல். வடிவம்மா படலைக்குக் கிட்ட வந்தார். பிறகு புடையன் என்றார், மூன்றாம் நாள் என்றார். அக்கா படலையின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டு நன்றி சொன்னார். திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

லொறி புறப்படுவதற்கு முதல் நாள் திருத்தின தாள் முடிந்தது. அதோடு போக ஒரு கடிதம் வேண்டும். மீளாய்வில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன என்று மட்டும் எழுதினால் போதும், ஆர் எவர் என்று மேலே கேட்கமாட்டார்கள் என்று டொக்டர் ஐயா சொன்னார். வருத்தத்தைத் தலைகீழாக எழுதினதில் தனக்கும் பங்கு இருக்கிறது என்றும் சொன்னார். நல்ல மனுசன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கையால் எழுதினார். நம்பரை ஒழுங்குமாறிப் போட்டது நான், விதியை வாசிக்காதது நான், இந்த ஆஸ்பத்திரியில் சிறுநீரக வருத்தம் பரவவில்லை, கிணறுகள் நல்ல கிணறுகள். கீழே முழுப் பெயர்.

வேலையை விட்டு நிற்பாட்டுவார்கள் என்று நினைத்தோம். ஒரு பதிலும் வரவில்லை. மாசியிலும் பங்குனியிலும் இன்னும் இரண்டு பேரைப் புடையன் கடித்தது. இரண்டு பேரையும் நான் தூக்கினேன். இரண்டு ரிக்கற்றிலும் பாம்புக்கடி முதலாவதாக இருந்தது.

சித்திரையில் பெட்டி வந்தது. நூறு போத்தல். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அரிவு வெட்டு முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரம்.

இதோடு ஊர் வாய் அடங்கும் என்று நான் நினைத்தேன். எனக்கு ஊரைத் தெரியாமல் போய்விட்டது. தேத்தண்ணிக் கடையில் நான் வாய் திறக்க முதலே சொல்லிவிட்டார்கள்: பார்த்தீர்களா, பயத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார், அதுவும் சரியாக அந்த நூறு. நான் நம்பர், தாள், முதலாவது, இரண்டாவது என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். மூன்றாவது வசனத்திலேயே சிரிக்கத் தொடங்கினார்கள். நான் வழக்கமாகச் சொல்லும் கதைகளில் இது கொஞ்சம் நல்லாயில்லையாம், மீன்பெட்டி திறமாம்.

வைகாசியில் ஒருநாள் சுடலைமுத்து வந்தான். நிவாரண அட்டையில் ராக்காயியின் பெயரை எடுக்க வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரித் துண்டு வேண்டும். நாலு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பெயரை எடுத்தால் ஒரு ஆளின் அரிசி குறையும் என்பதற்காக இல்லை. எடுக்க மனம் வரவில்லை என்று சொன்னான். இப்போது அட்டை பார்க்கும் விதானையார் கண்டிப்பாகக் கேட்டுவிட்டாராம்.

நான் புதுக் கட்டு ஒன்றைக் கொண்டு அப்போதுதான் கதவடிக்கு வந்தேன். அக்கா ராக்காயியின் ரிக்கற்றை எடுத்து வைத்துத் துண்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நீட்டினார். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான். முதலில் பாம்புக்கடி, அதனால் இரத்தம் வடிந்தது, அதனால் சிறுநீரகம் நின்றது என்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுச் சொன்னார். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். போகவில்லை.

“அம்மா, ஒன்னு கேக்கணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்கோ.”

“அந்த மருந்த நீங்க வித்துட்டதா எல்லாரும் சொல்றாங்க. மீன்பெட்டியில ஐசு போட்டு எடுத்துட்டுப் போனீங்களாம். நான் இது வரைக்கும் யாருகிட்டயும் கேக்கல. உங்ககிட்டதான் கேக்குறேன்.”

என் கையில் இருந்த கட்டு கனத்தது. கீழே வைக்க வேண்டும் போல இருந்தது, வைக்கவில்லை. அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். மீன்பெட்டி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதை அவர் சொல்லவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு அவன் முகத்தை நேரே பார்த்தார்.

“நான் விக்கேல்லை. வித்திருந்தா எங்கையாவது வேறை ஆராவது தப்பியிருப்பினம். நான் நம்பரைத் தலைகீழாப் போட்டனான். அதாலை அந்த மருந்து வரவேயில்லை, ஒருத்தரும் தப்பேல்லை.”